நான்காம் விதியை எழுதியவருக்கு

அண்ணை,

இன்று காலை பக்கத்து டைப்பிங் சென்டரில் போட்டோக்காப்பி இயந்திரம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடைக் கதவு திறந்திருந்ததால் அந்தச் சூடான காகித வாசனை என் தையல் மேசை வரைக்கும் வந்துவிட்டது. ஓர் அரபியின் நீள அங்கிக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தவன், வேலையை அப்படியே போட்டுவிட்டு எழும்பிப் போய் எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு பெஷாவர்க்காரரின் விசாக் கடதாசிகள். அமீரகத்து அல் ஐன் ஊரின் டைப்பிங் சென்டரில் வேறென்ன இருக்கும்? ஆனாலும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இலங்கைக்குப் புதிதாக இன்னொரு அரசியலமைப்பு வரைவு வந்திருக்குமோ என்று என் கால் என்னைக் கேட்காமலே போய்விட்டது. இந்த வியாதி உங்களிடமிருந்து தொற்றியது.

லீவில் போகிறவன் எவனாக இருந்தாலும் அவனிடம் நீங்கள் கேட்டது கருவாடோ மிளகாய்த்தூளோ இல்லை. கொழும்பில் புது வரைவு ஏதும் வந்திருந்தால் ஒரு பிரதி கொண்டுவா என்பீர்கள். வந்ததும் இதே கடையில் நகல் எடுத்து, தாளை மூக்கருகே பிடித்துப் பார்ப்பீர்கள். "சுடச்சுட இருக்கு ஐசே. உள்ளுக்கு வெந்திருக்கோ எண்டுதான் தெரியேல்லை." கடைக்கார மலையாளி என்னிடம் மெதுவாக, இவருக்கு ஏதாவது வழக்கா என்று கேட்பார். வழக்கில்லை, நாடு என்பேன். அவருக்கு விளங்காது. எனக்கும் அப்போது முழுக்க விளங்கவில்லை.

நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது. இந்த மடலை எந்தத் தபால் பெட்டியில் போடுவது? போட வழி இருந்தாலும் நீங்கள் இதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பீர்கள். எந்தக் கடதாசியையும் அப்படித்தான் வாசித்தீர்கள். "முன்னுரையில ஆரும் வடிவாப் பொய் சொல்லலாம். கடைசி அத்தியாயத்திலதான் கத்தியை வச்சிருப்பாங்கள்." வீட்டு வாடகை ஒப்பந்தம், இருமல் மருந்துப் போத்தலில் ஒட்டிய தாள், எல்லாமே உங்களுக்குப் பின்னாலிருந்துதான். என் மனைவியின் கடிதம் வந்தால் அதன் உறையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவீர்கள். புத்தளம் முத்திரைதானா என்று பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும்.

அந்த அறை நினைவிருக்கிறதா என்று உங்களைக் கேட்க வேண்டியதில்லை. பழைய சூக்கின், சந்தையின், பின்னால், பேரீச்சந் தோட்டத்து மண்மதிலை ஒட்டிய அரபி வீட்டில் ஒரு நீளமான அறை. ஆறு கட்டில்கள். நீங்கள், நான், எலெக்ட்ரீசியன் கனகன், திருகோணமலை ரகு, வாய் திறக்காத ஒரு மட்டக்களப்பார், எல்லாருக்கும் இளையவன் சிவா. ஐந்து பேர் சைவம், நான் ஒருவன் முஸ்லிம். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்களை உடுத்த உடுப்போடு ஆயுதமேந்திய தமிழ் இயக்கம் வெளியேற்றியபோது வெளியேறியவன். மனைவியும் பிள்ளைகளும் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். நான் இங்கே அரபிகளுக்கு அங்கி தைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுக்காரரிடம் பேசி அறையை எடுத்துத் தந்தது என் அரபு. மதரசாவில் ஓதிய அரபும் கடையில் பழகிய அரபும் கலந்த ஒரு பாஷை. தண்ணீர் வராவிட்டால், மின்சாரம் நின்றால், கனகனின் விசாவுக்குப் பொறுப்பான கஃபீல் பாஸ்போர்ட்டைத் தர மறுத்தால், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் முன்னே தள்ளிவிடுவார்கள். "பாய், நீங்கள் கதையுங்கோ." கதைத்தேன். பின்னால் அதே அரபுதான் எனக்கு வினையாக வந்தது.

அறைக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை நீங்கள் ஒரு வெள்ளைத்தாளில் விதிகள் எழுதிக் கதவின் பின்பக்கம் ஒட்டினீர்கள். பெச்சிலர் அறைகளில் சமையல் முறை எழுதி ஒட்டுவது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் உங்கள் தாளில் சமையல், குளியலறை, விருந்தாளி என்று மூன்றும் முடிந்த பிறகு நான்காவதாக ஒன்று இருந்தது. அறையில் இருக்கும் ஒருவரை வெளியேற்றுவதானால், அவர் தவிர்ந்த மற்ற எல்லாரும் உடன்பட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அவர் இருப்பார். கனகன் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணை, இது ரூமோ, பாராளுமன்றமோ?"

நீங்கள் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரன் போகும்போது தந்துவிட்டுப் போன அரசியல் யாப்பில் இருபத்தொன்பதாம் பிரிவு என்று ஒன்று இருந்தது என்று தொடங்கினீர்கள். ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்று சொன்ன பிரிவு. "அது இருக்கத்தக்கனையே மலையகச் சனத்தின்ர பிரசாவுரிமையைப் பறிச்சவங்கள்" என்றும் நீங்களே சொன்னீர்கள். அப்படியென்றால் எழுதி என்ன பயன் என்று நான் கேட்டேன். "அதைத் தூக்கி எறியிறதுக்கு அவங்கள் பட்ட பாட்டைப் பாரும். பயனில்லாத சாமானை எறிய ஆரும் அவ்வளவு பாடுபடுவினமோ?" அந்தப் பாடு என்னவென்று பிறகொரு நாள் தேநீரோடு சொன்னீர்கள். பாராளுமன்றத்துக்குள் இருந்துகொண்டு அந்தப் பிரிவில் கைவைத்தால் நீதிமன்றம் குறுக்கே வரும் என்று பயந்து, எழுபத்திரண்டில் எல்லாரும் எழும்பிப் போய்க் கொழும்பில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடினார்கள். நாங்கள் பழைய சபை இல்லை, புதிய சபை என்றார்கள். ஆட்கள் அதே ஆட்கள். கதிரைதான் வேறு. அங்கே வைத்துப் புது யாப்பை எழுதினார்கள், இருபத்தொன்பது காணாமல் போனது.

யாழ்ப்பாணக் கச்சேரி அலுவலகத்தில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர் நீங்கள். அந்த எழுபத்திரண்டு யாப்புக்குக் கையை உயர்த்திச் சத்தியம் செய்தீர்கள். ஆறு வருடத்தில் அதைக் கிழித்துப் போட்டு, எல்லா அதிகாரத்தையும் ஒரு ஜனாதிபதியிடம் கொடுத்த அடுத்த யாப்பு வந்தது. அதற்கும் சத்தியம். எண்பத்து மூன்றில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்த சூடு ஆற முதல் ஆறாம் திருத்தம் வந்தது. நாட்டைப் பிரிக்கக் கேட்க மாட்டேன் என்று ஒவ்வோர் அரச ஊழியரும் சத்தியம் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் வேலை இல்லை. நாட்டைப் பிரிக்கும் எண்ணம் உங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பிரிவினை பேசுகிறவர்களைக் கண்டாலே உங்களுக்கு எரிச்சல். ஆனாலும் அந்த மூன்றாம் சத்தியத்தைச் செய்யாமல் எழும்பி வந்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டு தரம் சத்தியம் வாங்கினவன் மூண்டாம் தரமும் கேக்கிறான் எண்டா, அவனுக்கு என்னிலயும் நம்பிக்கை இல்லை, தன்னிலயும் நம்பிக்கை இல்லை" என்றீர்கள். ஓய்வூதியமும் போய், வீட்டுக்காரியிடம் பேச்சும் வாங்கி, இந்த வெயிலில் ஒரு கட்டட நிறுவனத்துக்கு ஆட்களின் வரவு நேரம் எழுத வந்து சேர்ந்தீர்கள்.

தொண்ணூற்றைந்தில் இனப் பிரச்சினைக்கு அரசாங்கத்தின் தீர்வுப் பொதி வந்தபோது நம் அறையே கல்யாண வீடு மாதிரி இருந்தது. நீங்கள் நகலெடுத்து எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தீர்கள். கனகன் முன்பக்கத்தைச் சத்தமாக வாசித்தான். பிராந்தியங்களின் ஒன்றியம் என்ற இடம் வந்ததும் சிவா மேசையில் தட்டினான். நீங்கள் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்டேன், "அண்ணை, இதில நான் எங்கை?" நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். "தேடிப் பாத்தனான் காணும். கிழக்கு முஸ்லிம்களைப் பற்றி ஏதோ கதை இருக்கு. வடக்கால திரத்தின ஆக்களுக்கு ஒண்டும் இல்லை."

துரத்தியது பிழைதான் என்று கனகன் உடனே சொன்னான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அரை நிமிடத்துக்கு. "அது பிழைதான் பாய். ஆனா அண்டைக்கு இருந்த நிலைமை..." உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வந்ததை நீங்களும் குறித்துக்கொண்டீர்கள் என்று தெரிந்தது. ஒரு யாப்பில் உரிமை எல்லாம் கொடுத்துவிட்டு அடுத்த வரியில் 'எனினும்' என்று தொடங்குவார்கள், அங்கேதான் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லித் திரிந்தது அந்த நேரம் எனக்கு நன்றாக உறைத்தது.

அடுத்த வருடம் இந்த நாடு தன் அரசியலமைப்பை நிரந்தரமாக்கியது. எழுபத்தொன்றிலிருந்து அது தற்காலிக யாப்பாகத்தான் இருந்ததாம். பேப்பரில் அந்தச் செய்தியைக் கண்டதும் என் கடைக்கு ஓடி வந்தீர்கள். "ஐசே, பாத்தீரோ? இவங்கள் தற்காலிகம் எண்டு எழுதி வச்சு இருவத்தைஞ்சு வருசம் பேசாமல் இருந்தவங்கள். எங்கட ஆக்கள் நிரந்தரம் எண்டு எழுதி ஆறு வருசத்தில கிழிச்சவங்கள்." அன்று பின்னேரம் புரைமிக்கு நடந்து போய் ஓமான் பக்கக் கடையில் மாம்பழம் வாங்கித் தந்தீர்கள். இடையில் எங்கே எல்லை என்று நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தீர்கள். ஒருவரும் நம்மை மறிக்கவில்லை. மறிக்காததே உங்களுக்குச் சந்தேகமாக இருந்தது. திரும்பி வரும்வரை சட்டைப் பையில் பத்தாக்காவை, அந்த வேலை அட்டையை, பிடித்துக்கொண்டே வந்தீர்கள்.

அந்த மாம்பழத்துக்குப் பிறகு அதிக நாள் போகவில்லை. சிவா வேலை செய்த மின்சாமான் கடைக்குச் சாதாரண உடுப்பில் இருவர் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊரிலிருந்து யாரோ அனுப்பிய இயக்கத்தின் போர் வீடியோக் கசெட்டுகளை ரூம் ரூமாகக் கொண்டு போய்ப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான் அவன். இந்த நாட்டில் அரசியல் என்ற சொல்லே ஆபத்து என்று நாமெல்லாரும் அவனுக்குச் சொன்னோம், கேட்கவில்லை. விசா கேன்சல். நேரே விமானம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் பிடித்துப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

யாரோ பொலிஸுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார்? அறையில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அரபு தெரிந்தவன் ஒருவன்தான். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட கோபம் உள்ளவனும் ஒருவன்தான். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் கணக்குச் சுலபம். நான் செய்யவில்லை அண்ணை. அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். சிவா என் மகனுக்குப் பெருநாளுக்கு ஒரு விளையாட்டுக் கார் வாங்கி அனுப்பியவன்.

எனக்குப் பயமாக இருந்தது, கட்டிலுக்காக மட்டும் அல்ல. காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் வைத்து ஓர் அறையிலிருந்து இறக்கினால், அல் ஐனில் வேறெந்தத் தமிழ் அறையும் என்னை ஏற்றாது. லீவில் போகிறவன் அந்தப் பெயரைப் புத்தளத்துக்கும் கொண்டுபோவான். ஒருமுறை முஸ்லிம் என்று வெளியே போடப்பட்டவன் நான். இரண்டாம் முறை துரோகி என்று போடப்பட்டால் என் பிள்ளைகளுக்கு எந்த ஊரில் முகம் இருக்கும்?

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறேன், செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். பள்ளிவாசல் பக்கம் ஒருநாளும் வராதவர். என்னை அறையைவிட்டுப் போகச் சொல்ல வந்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். "வாரும் காணும். உம்மைப் பற்றிக் கதைக்கிறாங்கள். நீர் இல்லாமல் கதைக்கிறது சரியில்லை" என்றீர்கள்.

கதை நடந்தது அறையில் அல்ல. தெருவுக்கு எதிர்ப்பக்கம் கஃபட்டீரியாவில். கனகனும் ரகுவும் மட்டக்களப்பாரும் ஒரு மேசையில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் கனகனின் முகம் கறுத்தது. இவரை ஏன் கூட்டி வந்தீர்கள் என்று உங்களைக் கேட்டான். நீங்கள் எனக்கும் ஒரு பால் தேத்தண்ணிக்குச் சொன்னீர்கள். கனகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, கேட்கட்டும் என்ற மாதிரி தொடங்கினான்.

"அண்ணை, ரூமுக்குள்ள வச்சுக் கதைச்சா உங்கட நாலாம் விதி குறுக்க நிக்கும். அதுதான் வெளியில வந்தனாங்கள். இனி அந்தப் பழைய ரூம் இல்லை எண்டு வச்சுக்கொள்ளுவம். நாங்கள் மூண்டு பேரும் நீங்களும் சேர்ந்து புதுசா ஒரு ரூம் துவங்கிறம். அதே இடம், அதே கட்டில். விதி மட்டும் புது விதி."

நீங்கள் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையைக் கீழே வைத்தீர்கள். உங்களுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தீர்கள். பக்கத்து மேசைப் பட்டாணியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐசே கனகன், எழுவத்திரண்டில நீர் எத்தினையாம் வகுப்பு?"

"அது ஏன் இப்ப?"

"பெரிய ஆளாய் இருந்திருந்தா அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில உமக்கும் ஒரு கதிரை போட்டிருப்பாங்கள். அவங்களும் இதைத்தானே செய்தவங்கள்? உள்ளுக்கு இருந்தா விதி மறிக்கும் எண்டு வெளியில போய் இருந்து, நாங்கள் புது ஆக்கள் எண்டு சொன்னவங்கள்."

"சிங்களவனையும் எங்களையும் ஒண்டாக்காதேங்கோ அண்ணை!"

"நான் ஆக்கேல்லை. நீர்தான் தேத்தண்ணிக் கடைக்கு வந்து இருக்கிறீர்."

கனகனுக்கு முகம் சிவந்துவிட்டது. ரகுதான் மெதுவாகக் கேட்டான். நல்ல பிள்ளை அவன், நேராகக் கேட்டான். "அண்ணை, அதெல்லாம் விடுங்கோ. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. இவர் செய்யேல்லை எண்டு நீங்கள் நம்புறியளோ?"

நீங்கள் ரகுவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். வரைவின் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தீர்கள்.

"இல்லை. நம்பேல்லை. இவர் செய்திருக்கலாம் எண்டுதான் எனக்குப் படுகுது."

"பிறகென்ன அண்ணை!" என்று கனகன் கையை விரித்தான்.

"பிறகென்ன எண்டா? நம்பிற ஆளை வச்சிருக்க விதி எதுக்கு? நம்பாத ஆளுக்குத்தான் அதை எழுதினது. நான் உடன்பட மாட்டன்."

"அப்ப நீங்களும் இவரோட வெளியில போங்கோ."

"போகலாம். ஆனா என்னை வெளியேத்திறதுக்கு இவரும் உடன்பட வேணுமே" என்று என்னைக் காட்டினீர்கள். "கேட்டுப் பாரும்."

மட்டக்களப்பார் அன்றுதான் முதல்முறை வாயைத் திறந்தார். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று அரபியில். தன் தேத்தண்ணிக்குக் காசு வைத்துவிட்டு எழும்பி அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். கூட்டம் அதோடு கலைந்தது.

தெருவைக் கடக்கும்போது நான் உங்களோடு சண்டைக்கு வந்தேன். நன்றி சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் என்னைத் துரோகி என்று சொல்லிவிட்டீர்களே, 'நம்புகிறேன்' என்று ஒரு சொல் சொன்னால் உங்கள் நாக்கு அழுகியா போகும் என்று கத்தினேன். கார்கள் போகும்வரை நின்றுவிட்டுச் சொன்னீர்கள். "நம்புறன் எண்டு சொல்லி உம்மை வச்சிருந்தா, நாளைக்கு என்ர மனம் மாறினா நீர் வெளியில. விளங்குதோ?" எனக்கு விளங்கவில்லை. விளங்கும் நிலையில் நான் இல்லை. உங்களுக்கு மனம் என்று ஒன்று இருந்தால்தானே மாறும் என்று சொன்னேன். நீங்கள் அதற்கும் தலையை ஆட்டினீர்கள், பரிசீலிக்க வேண்டிய விஷயம் என்பது போல.

நான் அறையில் இருந்தேன். அவ்வளவுதான், இருந்தேன். என் சமையல் முறை வந்த நாட்களில் கறிச்சட்டி தொடாமல் கிடந்தது. கனகன் வெளியே புரோட்டா தின்றுவிட்டு வருவான். நீங்கள் மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உப்புக் கூடிப்போச்சு என்று குறை சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டீர்கள். சாப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவிவிட்டுப் போய் உங்கள் சூட்கேஸின் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பீர்கள். அதற்கு முன்பெல்லாம் அது பூட்டாமல்தான் கிடந்தது. என் கண் முன்னாலேயே இழுத்துப் பார்த்தீர்கள். ஒளித்துச் செய்யவும் உங்களுக்குத் தெரியவில்லை. அந்த உலோகச் சத்தம் எனக்குப் பழகவே இல்லை.

சும்மா இருப்பவனுக்கும் யோசிக்கத் தெரியும். எனக்கும் ஒரு சந்தேகம் முளைத்தது. நம்பாத ஒருவனுக்காக ஒரு மனிதன் ஏன் இவ்வளவு தூரம் நிற்க வேண்டும்? சிவாவின் கசெட்டுகளைக் கண்டால் உங்களுக்கு ஆகாது. அவனோடு இரண்டு தரம் பெரிய வாக்குவாதம். உங்கள் கம்பெனி மேலாளர் ஓர் அரபி, அவருக்கு வேண்டப்பட்டவர் பொலிஸில் இருந்தார். என்னை வெளியேற்றியிருந்தால், பிறகு ஏதாவது நடக்கும்போது எல்லார் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லிக் கொடுத்தவர் நீங்களாக இருந்தால்? உங்கள் குற்றத்தை மூடத்தான் என்னைக் காப்பாற்றினீர்களோ? அல்லது இன்னொருவன் உங்களுக்குப் பதிலாக வெளியே போவதைப் பார்க்க மனம் வரவில்லையோ? தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசிவரை ஒரு முடிவும் கிடைக்கவில்லை. சிவாவை விட்டுவிட்டார்கள், கனடாவில் இருக்கிறானாம். யார் சொன்னது என்று அவனுக்கும் தெரியாதாம்.

நீங்கள் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்ட அன்று உங்கள் சூட்கேஸைத் துபாய் டாக்சி நிற்கும் இடம்வரை தூக்கி வந்தவன் நான்தான். டாக்சியில் ஆள் நிரம்பக் காத்திருந்தபோது கேட்டேன், "இப்பவாவது சொல்லுங்கோ அண்ணை. என்னை நம்புறியளோ?"

உண்மையாகவே யோசித்தீர்கள். "தெரியாது ஐசே. நீர் நல்ல மனுசன். செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியாது." பிறகு என்னைக் கேட்டீர்கள், "நீர் என்னை நம்புறீரோ?"

இல்லை என்றேன். உங்கள் முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை. "அப்ப சரி" என்று என் தோளில் தட்டிவிட்டு ஏறிப் போய்விட்டீர்கள். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக் கிடந்தது. திருகோணமலையில் கப்பலுக்கு அனுமதி வரும்வரை காத்திருந்த இடத்தில், ஒரு காலை நெஞ்சு நோவு என்று உட்கார்ந்தவர் எழும்பவில்லை. விரும்பிய இடத்துக்குப் போய்வரும் சுதந்திரம் ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு என்று நம் நாட்டு யாப்பிலேயே எழுதியிருக்கிறது என்று நீங்கள்தான் எனக்குக் காட்டியிருந்தீர்கள். அதன் கீழே வரும் கட்டுப்பாடுகளையும் காட்டினீர்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவன் கனகன். உங்கள் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கதவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இனி அந்த விதித் தாளைக் கழற்றச் சொல்லுவான் என்று நினைத்தேன். "இருக்கட்டும் பாய்" என்றான். ஏன் அப்படிச் சொன்னான், என்னில் இரக்கமா, தனக்கும் ஒருநாள் தேவைப்படும் என்ற எண்ணமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதுவே போதும்.

நான் அன்று அழவில்லை. எனக்கு நினைவு வந்தது வேறு ஒருவர். ஊரைவிட்டுப் போகச் சொன்ன அந்த நாளில் எங்கள் முன்வீட்டுக்காரர், உங்களைப் போல ஒரு சைவர்தான், வாசலில் நின்று விம்மி விம்மி அழுதார். என் வாப்பா காலத்துப் பழக்கம். என் பிள்ளைகள் பாதி நேரம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். என் மேல் அவருக்கு ஒரு துளி சந்தேகம் இருந்ததில்லை. "உங்களைத் தெரியாதோ எங்களுக்கு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் தந்தார். சந்தி வரைக்கும் கூட வந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், துப்பாக்கி நின்றது. ஆனால் எங்கள் தெரு முழுக்க எங்களை நம்பியது அண்ணை, அந்த நம்பிக்கை எங்களை ஓர் இரவுகூட அங்கே படுக்க வைக்கவில்லை. நான் உடன்பட மாட்டேன் என்று ஒரு சொல் எங்கள் பின்னால் வரவில்லை. அழுகைதான் வந்தது.

நீங்கள் என்னை நம்பாமலே போனீர்கள். அது இன்றைக்கும் எனக்கு நோகிறது, நோகவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நானும் உங்களை இன்னும் முழுக்க நம்பவில்லை. ஆனால் ஊரைவிட்டு வந்த பிறகு, நாளைக்கும் இதே கட்டிலில்தான் எழும்புவேன் என்று தெரிந்து நான் கண்ணை மூடியது, நீங்கள் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்த அந்த அறையில் மட்டும்தான்.